கயிறும் கேமராவும்: பந்தய லாயத்தில் சைஸ் வேலை பார்த்தபடி படம் எடுப்பது எப்படி

பந்தயக் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸுக்குக் கிடைக்கும் படம், வேலிக்கு வெளியே பெரிய லென்ஸோடு நிற்கிறவருக்குக் கிடைக்காது. எந்தச் சத்தத்துக்குக் குதிரை காதைத் திருப்பும், எதைக் கண்டால் மிரளும், குளித்து முடித்ததும் எங்கே நின்று உடம்பை உதறும் என்பதெல்லாம் சைஸுக்கு அத்துப்படி. பாதிப் படம் அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நெருக்கம் ஆபத்தும்கூட. சுமார் 500 கிலோ எடையுள்ள, பயந்தால் யோசிக்காமல் பாய்ந்து ஓடும் விலங்கின் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணை வியூஃபைண்டருக்குள் வைத்தால், கால் மிதிபடப்போவதுகூடத் தெரியாது.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. குதிரையின் கயிறு கையில் இருக்கும்வரை கேமரா கையில் இருக்கக் கூடாது. ஒரு கையில் கயிறு, மறு கையில் செல்போன் என்பதும் இதில் அடக்கம். படம் வேண்டுமென்றால் கயிற்றை இன்னொரு சைஸிடம் கொடுங்கள். இல்லையென்றால் குதிரை தன் அறைக்குள் நிற்க, கதவுக்கு வெளியே நின்று எடுங்கள்.

அனுமதியையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லாயத்துக்குள் எடுக்க டிரெயினரிடமும், குதிரையின் படத்தை வெளியே காட்ட அதன் உரிமையாளரிடமும், ஓடுதளத்தின் பக்கம் நிற்கப் பந்தயத்தை நடத்துகிறவர்களிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சைஸ் என்ற அடையாள அட்டை லாயத்துக்குள் போகத்தான். அதை வைத்துக்கொண்டு புகைப்படக்காரர்கள் நிற்கும் இடத்துக்குப் போக முடியாது.

விடியுமுன்: தொட்டி, சாணம், கால்

கதவைத் திறந்ததும் குதிரையைத் தொடாமல் அரை நிமிடம் நின்று பாருங்கள். தீவனத் தொட்டி காலியா? ராத்திரி வைத்த தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது? சாணம் எத்தனை குவியல், உருண்டையாக இருக்கிறதா, தண்ணியாகப் போயிருக்கிறதா? படுக்கை ஒழுங்காக இருக்கிறதா, குதிரை உருண்டு புரண்டு கலைத்துப்போட்டிருக்கிறதா? தீனியை மிச்சம் வைப்பதுதான் பெரும்பாலான நோய்களின் முதல் தகவல். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தால் அந்தத் தகவல் அழிந்துபோகும். முதலில் டிரெயினரிடம் சொல்லுங்கள், பிறகு தொட்டியைக் கழுவுங்கள்.

வேலையில்லாத நாளில் ஒரு குதிரை 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வெயிலிலும் ஓட்டத்துக்குப் பிறகும் இன்னும் கூடும். தானாக நிரம்பும் தொட்டி வசதிதான், ஆனால் எவ்வளவு குடித்தது என்று அது சொல்லாது. வாளி சொல்லும். உடம்பு சரியில்லாத குதிரைக்கு வாளியே மேல்.

பிறகு உடல் வெப்பம். தெர்மாமீட்டரின் முனையில் கொஞ்சம் வாஸலின் தடவி, மறுமுனையில் நூல் கட்டி, நூலின் நுனியிலுள்ள கிளிப்பை வால் மயிரில் மாட்டிவிடுங்கள். நூல் இல்லையென்றால் அது உள்ளே போகும், அல்லது தரையில் விழுந்து உடையும். நேர் பின்னால் நிற்காமல், தொடையை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, ஆசனவாய்க்குள் செலுத்தி, முனை குடல் சுவரைத் தொடும்படி லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தினால் அளவு குறைத்துக் காட்டும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. அதைத் தாண்டினால் அன்று ஓட்டம் கிடையாது, மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நாடியைக் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்நுனியால் பார்க்கலாம். கட்டைவிரலை வைக்காதீர்கள், அதில் உங்கள் நாடியே துடிக்கும்.

அடுத்தது கால். பந்தய லாயத்தில் இதைவிட முக்கியமான வேலை இல்லை. நான்கு காலையும் தினமும் காலையில், குதிரை அறையை விட்டு வெளியே வருமுன், பேண்டேஜை அவிழ்த்துச் சற்று நேரம் விட்ட பிறகு தடவிப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக ஓடும் தசைநாண்களை இரண்டு விரல்களுக்கு இடையே பிடித்து மேலிருந்து கீழாக மெதுவாக இறக்குங்கள். தேடுவது மூன்று: சூடு, வீக்கம், அமுக்கினால் காலை இழுத்துக்கொள்ளும் வலி. இடது முன்னங்காலைப் பார்த்த கையோடு வலது முன்னங்காலைத் தொட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்பக்க ஓரங்களில் ஒரு நாடி உண்டு. நல்ல காலில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடாமலே விரலில் ‘டக் டக்’ என்று அடித்தால் குளம்புக்குள் அழற்சி இருக்கலாம்.

தசைநாணில் லேசான சூடு இருக்கும் நாளில் குதிரை நொண்டாமலே நடக்கும். ‘நன்றாகத்தானே நடக்கிறது’ என்று ஓட்டிவிட்டால் அடுத்த வேக ஓட்டத்தில் நார்கள் கிழியும். கிழிந்தால் மாதக்கணக்கில் ஓய்வு, பல குதிரைகள் பந்தயத்துக்குத் திரும்புவதே இல்லை. அந்த லேசான சூட்டைக் கண்டுபிடிப்பது சைஸின் கைதான்.

கேமராவின் முதல் வேலை: காலுக்குப் பதிவேடு

இங்கேதான் செல்போன் உண்மையாகப் பயன்படுகிறது. அழகான படம் அப்புறம். சந்தேகமான கால் இருந்தால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள். தரையில் ஒரு கோடு போட்டு, அதில் நின்று, போனை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, பின்னால் சற்று விலகி நின்று ஒன்று. மேலே நின்று குனிந்து எடுத்தால் வீக்கம் தட்டையாகிவிடும். வெளிச்சம் நேரே முகத்தில் அடிப்பதைவிடப் பக்கத்திலிருந்து வந்தால்தான் தசைநாணின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். ஒரு வாரப் படங்களை வரிசையாகப் பார்க்கும் மருத்துவருக்கு, ‘கொஞ்சம் குறைந்தது மாதிரி இருக்கு’ என்ற வார்த்தையைவிட அது பல மடங்கு உதவும். காயம் என்றால் பக்கத்தில் ஒரு அளவுகோலைப் பிடித்து எடுங்கள்.

நொண்டுகிறதா என்ற சந்தேகத்துக்கு வீடியோதான் சரி. சமமான, கெட்டியான தரை. இன்னொருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து 20 மீட்டர் நேராகத் துள்ளுநடையில் ஓட்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையசைவு மறைந்துவிடும், வீடியோ வீண். போனைக் கிடைமட்டமாக, இடுப்பு உயரத்தில் வைத்து, குளம்பு முதல் காது வரை முழுதும் தெரியும்படி எடுங்கள். நொடிக்கு 120 சட்டகம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் இன்னும் நல்லது. முன்னங்காலில் வலி என்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது தலை கீழே இறங்கும். பின்னங்காலுக்கு இடுப்பின் இரண்டு மேடுகளையும் பாருங்கள். வலியுள்ள பக்கத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அதிகம்.

பக்கத்தில் போவது, கட்டுவது, துலக்குவது

குதிரைக்கு இரண்டு இடங்கள் தெரியாது: மூக்குக்கு நேர் முன்னால் நெற்றியை ஒட்டிய பகுதி, வாலுக்கு நேர் பின்னால். மற்றபடி ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். அதனால் பேசிக்கொண்டே இடது தோளை நோக்கிப் போங்கள், கழுத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பின்பக்கம் சுற்றிப் போக வேண்டுமானால் உடம்போடு ஒட்டி, கையை முதுகில் வைத்தபடி போங்கள், அல்லது மூன்று மீட்டருக்கு மேல் விலகிப் போங்கள். இரண்டுக்கும் நடுவேதான் உதை முழு வேகத்தில் விழும்.

கட்டும்போது இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாமல், வளையத்தில் ஒரு சணல் கண்ணி போட்டு அதில் கட்ட வேண்டும். குதிரை பயந்து பின்னால் இழுத்தால் சணல் அறுந்துவிடும். கழுத்தும் தலையும் தப்பும். நைலான் கயிறு அறுகாது, ஆகவே கண்ணிக்கு அது ஆகாது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கட்டும் உயரம் குதிரையின் தோள் மேட்டளவு, கயிற்றின் நீளம் 60 முதல் 75 சென்டிமீட்டர். நீளமாக விட்டால் முன்னங்கால் கயிற்றைத் தாண்டி மாட்டிக்கொள்ளும்.

குளம்பைத் தினமும் இரண்டு வேளை, ஓட்டத்துக்குப் போகுமுன்னும் வந்த பின்னும், குளம்புக் கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கிக் குத்தி எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக இழுத்தால் நடுவிலுள்ள மென்மையான முக்கோணச் சதையில் கொக்கி ஏறிவிடும். அந்தச் சதையின் இரு பக்கப் பள்ளங்களிலும் கறுப்புக் கசிவும் அழுகிய நாற்றமும் இருந்தால் ஈரப் படுக்கைதான் பெரும்பாலும் காரணம். மருந்து போடுவதோடு படுக்கையையும் மாற்றினால்தான் போகும். லாடத்தின் ஆணிகள் தளர்ந்திருக்கிறதா, லாடம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் இதுவே நேரம்.

உடம்பு துலக்க ரப்பர் சீப்பு, கெட்டி பிரஷ், மென் பிரஷ் என்ற வரிசை. எலும்பு தெரியும் இடங்களிலும் முழங்காலுக்குக் கீழேயும் சீப்பு வேண்டாம். சேணம் உட்காரும் இடத்தையும் வயிற்றுவார் இறுக்கும் இடத்தையும் இரண்டு முறை கையால் தடவிப் பாருங்கள். அங்கே ஒட்டிய ஒரு மண்கட்டிதான் மதியத்துக்குள் புண்ணாக மாறும்.

பேண்டேஜைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு கட்டிய பேண்டேஜே காலைக் கெடுத்துவிடும். அடியில் சுருக்கமில்லாத பஞ்சுப் பட்டை. அதன்மேல் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, இடது காலுக்கு இடஞ்சுழியாக, வலது காலுக்கு வலஞ்சுழியாக. இழுப்பு முன்பக்க எலும்பின்மேல் விழலாம், பின்பக்கத் தசைநாணின்மேல் விழக் கூடாது. முதல் சுற்றிலிருந்து கடைசி வரை ஒரே இறுக்கம்; முடிந்ததும் மேல் விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசைநாண் வீங்கும். அவிழ்க்கும்போது காலில் வரி வரியாகத் தடம் தெரிந்தால் அன்றைய கட்டு தவறு.

தீனியில் ஒரே எச்சரிக்கை: தானியத்தை ஒரே வேளையில் இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் கொட்டாதீர்கள். குதிரையின் இரைப்பை உடம்பைப் பார்க்கச் சிறியது, குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உலர்புல் உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், அதாவது 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழரை முதல் பத்து கிலோ. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைப் பிறாண்டுவது, படுத்து எழுந்து புரள்வது எல்லாம் வயிற்றுவலி. தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

லாயத்துக்குள் படம்

ஃபிளாஷ் கூடாது. எந்த நேரத்திலும், எந்தக் குதிரைக்கும் கூடாது. ஃபோகஸுக்கு உதவ கேமராவின் முன்பக்கம் எரியும் சிறு விளக்கையும் மெனுவில் போய் அணைத்துவிடுங்கள். பலர் இதை மறந்து, இருட்டில் சிவப்பு ஒளி பட்டதும் குதிரை பின்வாங்குவதைப் பார்த்துத் திகைப்பார்கள். காற்றில் ஆடும் கேமரா வார், லென்ஸ் மூடி ‘டக்’கென்று கழலும் சத்தம், பையின் வெல்குரோ கிழியும் சத்தம் எல்லாமே மிரட்டும். வாரைக் கையில் சுற்றிப் பிடியுங்கள், பையை லாயத்துக்கு வெளியிலேயே திறந்து வைத்துவிட்டு வாருங்கள். டிரைபாட் வேண்டாம், அதன் மூன்று கால்களும் தப்பி ஓட வேண்டிய வழியில் நிற்கும்.

அறையின் அரைக்கதவுக்கு மேலே தலையை நீட்டும் குதிரைதான் எளிமையான, நல்ல படம். பின்னால் உள்ளே இருட்டு, முகத்தில் வெளியின் மென்மையான ஒளி. கரும்பழுப்புக் குதிரையும் இருண்ட பின்னணியும் சேர்ந்தால் கேமரா ஏமாந்து படத்தை வெளுக்க வைக்கும், ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். வெளிர் சாம்பல் குதிரை சட்டகத்தை நிறைத்தால் அதற்கு எதிராக அதே அளவு கூட்டுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும், மூக்கில் அல்ல. குதிரையின் தலை நீளம். அருகிலிருந்து அகன்ற லென்ஸால் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் கண் எங்கோ தூரத்தில் போலவும் வரும். செல்போனின் வழக்கமான லென்ஸ் அகன்றதுதான். இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸுக்கு மாற்றிவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று எடுங்கள்.

உரிமையாளர்கள் அதிகம் கேட்பது குதிரை முழு உடம்போடு பக்கவாட்டில் நிற்கும் படம். இதற்குக் கயிறு பிடிக்க ஒருவர், காதை முன்னால் கொண்டுவர ஒருவர், படம் எடுக்க ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். சமதரையில், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க, 8 முதல் 10 மீட்டர் விலகி, முழு ஃபிரேம் கேமராவில் 100 மி.மீ. அளவுக்கு மேற்பட்ட லென்ஸோடு, வயிற்றுவார் கட்டும் இடத்துக்கு நேர் எதிரே நில்லுங்கள். கேமராவின் உயரம் குதிரையின் வயிற்றின் நடுமட்டம். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் முதுகு பெருத்துக் கால்கள் குட்டையாகிவிடும். நான்கு கால்களும் தெரிய வேண்டும்: கேமரா பக்கத்து முன்னங்கால் மற்றதைவிடச் சற்று முன்னால், கேமரா பக்கத்துப் பின்னங்கால் மற்றதைவிடச் சற்றுப் பின்னால். கால் சரியாக விழவில்லையென்றால் தள்ளித் திருத்தப் பார்க்காதீர்கள். ஒரு சுற்று நடத்திக் கொண்டுவந்து மறுபடி நிறுத்துவதுதான் விரைவான வழி. காது முன்னால் வரக் காகிதத்தைக் கசக்கும் சத்தம் போதும், ஆனால் இரண்டு முறைக்கு மேல் வேலை செய்யாது; கால்கள் சரியாக நின்ற பிறகே அதைச் செலவிடுங்கள்.

ஓடுதளத்தில்: நிற்குமிடமும் ஷட்டர் வேகமும்

ஓடும் குதிரையை எடுக்குமுன் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முழு வேக ஓட்டத்தில் ஒரு பின்னங்கால், மறு பின்னங்கால், ஒரு முன்னங்கால், கடைசியாக முன்செல்லும் முன்னங்கால் என்று நான்கும் தனித்தனியாக விழும். பிறகு நான்கும் வயிற்றுக்கு அடியில் மடிந்திருக்கும்போது உடம்பு முழுதும் காற்றில் இருக்கும். பழைய ஓவியங்களில் முன்னங்கால்கள் முன்னாலும் பின்னங்கால்கள் பின்னாலும் நீண்டு குதிரை பறக்கும். அது கண்ணின் ஊகம். எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், வரிசையாக வைத்த கேமராக்களால், லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரையைப் படம் எடுத்தபோதுதான் கால்கள் மடிந்த நிலையில் குதிரை தரையை விடுகிறது என்று தெளிவானது.

ஒரு முழு எட்டு வைக்க ஏறக்குறைய 0.4 நொடி ஆகிறது. நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஓர் எட்டுக்கு நான்கு படம்தான் விழும், அவற்றில் இரண்டில் கால்கள் பின்னிக்கொண்டு அசிங்கமாக இருக்கும். முன்செல்லும் முன்னங்கால் நீண்டு தரையைத் தொடப்போகும் கணமே குதிரையின் நீளத்தையும் பலத்தையும் காட்டும் என்பது எங்கள் கணிப்பு. மடிந்து பறக்கும் கணம் விந்தையாக இருக்கும், ஆனால் குதிரை உருண்டையாகத் தெரியும்.

வேகக் கணக்கு இது: மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 17 மீட்டர். 1/1000 நொடியில் உடம்பு 1.7 சென்டிமீட்டர் நகரும். காற்றில் முன்னே வீசும் குளம்பு உடம்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் போகும். ஆகவே பக்கவாட்டில் எடுக்கும்போது 1/1000இல் முகம் தெளிவாகவும் குளம்பு மங்கலாகவும் வரும். குளம்பும் தெறிக்கும் மண்ணும் உறைந்து நிற்க 1/2000 வேண்டும். நேர் எதிரே வரும் குதிரைக்கு 1/800 போதும். விடியற்கால ஓட்டத்தில் அந்த வெளிச்சம் இருக்காது. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 3200, 6400 வரை ஏற்றி 1/500இல் எடுங்கள்; இல்லையென்றால் மங்கலையே விரும்பி ஏற்று 1/60க்கு இறங்கி, குதிரையோடு சேர்த்துக் கேமராவைத் திருப்புங்கள். திருப்புவது இடுப்பிலிருந்து, குதிரை நேரே வருமுன்பே தொடங்கி, ஷட்டர் மூடிய பிறகும் நிற்காமல். பொத்தானை அழுத்தியதும் கை நின்றுவிடுவதுதான் எல்லாருக்கும் வரும் பிழை.

நேர் எதிரே எடுக்கும்போது இன்னொரு சிக்கல். குதிரையின் மூக்குக்கும் ஜாக்கியின் முகத்துக்கும் நடுவே ஒரு மீட்டருக்கும் மேல் இடைவெளி இருக்கும். 400 மி.மீ. லென்ஸின் திறப்பை எஃப் 2.8இல் வைத்து 30 மீட்டர் தூரத்தில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழமே சுமார் ஒரு மீட்டர்தான், எஃப் 5.6 என்றால் அது இரு மடங்காகும். மனித முகத்தைத் தேடும் ஃபோகஸ் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு குதிரையை விட்டுவிடும். அதை அணைத்துவிட்டுச் சிறிய ஃபோகஸ் கட்டத்தைக் குதிரையின் நெற்றியில் வையுங்கள்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டர் குதிரைக்கு நல்லது. ஆனால் சென்சாரை மெதுவாக வாசிக்கும் கேமராவில் வேலிக் கம்பங்கள் சாயும், கால்கள் வளையும். ஓடுதளத்தில் மெக்கானிக்கல் ஷட்டர், லாயத்தில் மின்னணு ஷட்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நிற்பது வெளிவேலிக்கு வெளியே. லென்ஸின் நுனிகூட வேலியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் களைத்த குதிரை கடைசி 200 மீட்டரில் வேலியோரம் சாய்ந்து வரும். குதிரைகள் உள்ளே வரும், வெளியே போகும் வழியின் வாயில் நிற்கவே வேண்டாம். ஆளில்லாமல் அவிழ்ந்து ஓடும் குதிரை லாயத்தை நோக்கி அந்த வழியாகத்தான் வரும். குனிந்து உட்கார்ந்திருந்தால் பின்னால் நகர இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். அவிழ்ந்த குதிரையைத் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் வேகமாக ஓடும். சைஸ் என்பதால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, அது நின்ற பிறகு தோள் பக்கமாகப் போய்ப் பிடிப்பது உங்கள் வேலையும்தான்.

பந்தய நாள்

அன்று நீங்கள் சைஸ். உங்கள் குதிரை ஓடும் பந்தயத்துக்குக் கேமராவை லாயத்தில் பூட்டிவிட்டுப் போவதே நல்லது. பேடாக்கில் (பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம்) குதிரையின் இடப்பக்கம் தோளோடு தோளாக நடங்கள். வலது கை கடிவாளத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மிச்ச வார் இடது கையில் மடிப்பாக; கையில் சுற்றிக்கொண்டால் குதிரை பாயும்போது விரல் போகும். திருப்புவது எப்போதும் உங்களை விட்டு வலப்பக்கமாக. உங்கள் பக்கம் திருப்பினால் அதன் கால் உங்கள் காலில் விழும்.

ஊக்கமருந்துச் சோதனையை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். காபி, டீ, சாக்லேட்டில் இருக்கும் காஃபீனும் தியோபுரோமினும் குதிரையின் சிறுநீரில் தெரியும். நீங்கள் குடித்த கோப்பையைக் கழுவாமல் குதிரையின் வாளியில் போட்டாலே போதும். முட்டிவலிக்குத் தடவிய களிம்புக் கையோடு கடிவாளத்தின் வாய்க்கம்பியையோ நாக்கைக் கட்டும் பட்டையையோ தொடாதீர்கள், கையுறை போடுங்கள். குதிரையின் அறையில் சிறுநீர் கழிப்பதும் கூடாது. நீங்கள் சாப்பிட்ட மாத்திரை படுக்கை வழியாகக் குதிரைக்குப் போகும். சோதனைக்கு அழைத்தால் மாதிரிக் குப்பிகளை முத்திரையிடும்வரை கூடவே நின்று, எண்ணைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஜெயித்த குதிரையோடு எல்லாரும் படம் எடுக்க நெருங்குவார்கள். இந்த இடத்தில்தான் இரண்டு வேலையும் மோதிக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும் உடல் வெப்பம் தொடர்ந்து ஏறும். மூச்சு இறங்காமல், கால் தடுமாறி, காரணமில்லாமல் பின்னங்காலை உதறினால் அது வெப்பத் தாக்கு. படத்துக்காக ஒரு நொடியும் நிறுத்தாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுதும் குளிர்ந்த தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றி, நடத்தி, மறுபடி ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் தசையைப் பிடிக்கும் என்ற பயம் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் குதிரையையும் அரை நிமிடத்துக்கு மேல் நிறுத்தாமல் ஒரு வட்டம் நடத்திவிட்டு மறுபடி நிறுத்துங்கள். பிறகு அரை மணி நேரமாவது நடத்த வேண்டும், இடையிடையே சில மிடறு தண்ணீர். படம் எடுப்பவர் நீங்களாக இருந்து கயிறு மற்றவர் கையில் இருந்தால், சேணத் துணியின் எண் தெரியும் பக்கம் நில்லுங்கள். தலைக்கவசத்தின் விளிம்பு மதிய வெயிலில் ஜாக்கியின் கண்ணை மறைக்கும், அவரைச் சற்று மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

எடுத்த பிறகு

மணல் தளத்தின் தூளும் புல்லின் தூசும் சென்சாருக்குள் போகும், ஆகவே லாயத்திலோ வேலியோரத்திலோ லென்ஸ் மாற்ற வேண்டாம். லென்ஸின் முன்கண்ணாடியில் மண் இருந்தால் முதலில் காற்றுப் பம்பால் ஊதி, பிறகுதான் துணி. ஊதாமல் துடைத்தால் மணல் கீறும்.

கோப்பின் பெயரில் தேதி, பந்தய எண், சேணத் துணி எண், குதிரையின் பெயர் என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரே நிறக் குதிரைகள் பத்து ஓடிய நாளின் படங்களை ஒரு மாதம் கழித்துப் பிரிக்க முடியாது. அழகுக்காகப் படத்தை இடம் வலம் புரட்டாதீர்கள். நெற்றி வெள்ளையும் கால் வெள்ளையும் எந்தப் பக்கம் என்பதுதான் குதிரையின் அடையாளம். புரட்டினால் அது வேறு குதிரை.

பேண்டேஜ் கட்டிய கால், காலி ஆகாத தீவனத் தொட்டி, மருத்துவர் குனிந்து பார்க்கும் குளம்பு, ஸ்டாப்வாட்சோடு எடுத்த காலை ஓட்டம் ஆகிய இவற்றின் படங்கள் பந்தயத்தில் பணம் கட்டுகிறவர்களுக்கு உள் தகவல். தெரிந்தவர்களின் குழுவில் அனுப்பினாலும் பல இடங்களில் அது விதிமீறல், சைஸின் உரிமம் பறிபோகும். காலின் பதிவேட்டுப் படங்களைப் போனில் தனிக் கோப்புறையில் வைத்து, டிரெயினருக்கும் மருத்துவருக்கும் மட்டும் அனுப்புங்கள். மற்ற எந்தப் படத்தையும் வெளியிடுமுன் பின்னணியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சுவரில் தொங்கும், குதிரைகளின் உடல் வெப்பத்தை எழுதும் பலகையில் பக்கத்து அறைக் குதிரையின் இன்றைய அளவு எழுதியிருக்கும்.